விருப்ப ஒழுங்கை யார் எழுதுகிறார்கள்? பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன் தெரிய வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றே பல வீடுகளில் நினைக்கிறோம். பிறகு பிள்ளை நெற் கபேக்குப் போகிறது. அங்கிருப்பவர் கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்புகிறார். அரைமணி நேரத்தில் நாலு வருடப் படிப்பு தீர்மானமாகிவிடுகிறது. இசட் புள்ளியை இனி மாற்ற முடியாது. ஆனால் விருப்ப ஒழுங்கு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இடங்கள் பிரிக்கப்படும் விதம்

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்று மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடங்கும். தரப்படுத்தல் என்ற சொல் எழுபதுகளிலிருந்து எங்களுக்குக் கசப்பானது. ஆனாலும் போரில் பாடசாலைகளை இழந்த முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இன்று மாவட்ட ஒதுக்கீடு ஒரு கதவாகவும் இருக்கிறது. சில கற்கைநெறிகளுக்குத் திறமை மட்டுமே பார்க்கப்படும். அவை எவை என்பது கையேட்டில் உள்ளது.

உங்கள் மாவட்டம் எது?

பாடசாலைப் பரீட்சார்த்திக்குப் பிறந்த ஊரோ பூர்வீகக் காணியோ கணக்கில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். இடம்பெயர்ந்து, மீள்குடியேறி, பாடசாலை மாறிய பிள்ளைகள் ஒவ்வொரு அதிபரிடமிருந்தும் திகதிகளுடன் கடிதம் பெற்று வைத்திருக்க வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்திகள் நிரந்தர வதிவிடத்தைக் காட்ட வேண்டும்.

ஒழுங்கில் நடக்கும் தவறு

"கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்பதே அடிக்கடி கேட்கும் ஆலோசனை. அது பிழை. மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் புள்ளி எட்டும் முதல் விருப்பத்திலேயே உங்களை நிறுத்துவார்கள். அதற்குக் கீழே உள்ளவை பார்க்கப்படமாட்டா.

கிளிநொச்சி மாணவி ஒருவர் மருத்துவத்தை முதலிலும் விவசாயத்தை இரண்டாவதாகவும் போடுகிறார் என்று வைப்போம். மருத்துவம் எட்டாவிட்டாலும், விவசாயத்தை முதலாவதாகப் போட்டவருக்குப் பின்னால் அவர் தள்ளப்படுவதில்லை. அங்கே இருவரின் புள்ளியும்தான் ஒப்பிடப்படும். மாறாக, பயத்தில் விவசாயத்தை முதலில் போட்டால், மருத்துவத்துக்கான புள்ளி இருந்தாலும் விவசாயம்தான் கிடைக்கும்.

ஆகவே உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே எழுதுங்கள். கடந்த வருட வெட்டுப்புள்ளியைப் பார்ப்பது பட்டியலின் அடியில் எட்டக்கூடிய சிலவற்றைச் சேர்ப்பதற்காக. போக மனமில்லாத கற்கைநெறியை நிரப்புவதற்காகப் போடாதீர்கள். பதிவு செய்துவிட்டு அடுத்த வருடம் மாறலாம் என்று நம்பியிருக்கவும் வேண்டாம்.

செலவு

அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரி மாணவர்களுக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. செலவு தங்குமிடம், சாப்பாடு, பயணம் என்பவற்றில்தான் வருகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல கொடுப்பனவு மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், நிதியுதவி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. இவற்றுக்குக் குடும்ப வருமானமும் பார்க்கப்படுவதால் கிராம அலுவலரின் சான்றுகளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரமும் பணம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. வவுனியா வளாகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையில் வளாகம் உண்டு. சித்த மருத்துவம் அங்கும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. இசை, நடனம் போன்றவற்றுக்குச் செய்முறைப் பரீட்சை உண்டு. அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டால் நல்ல புள்ளி இருந்தும் பயனில்லை.

இடம் கிடைக்காவிட்டால்

கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு கல்வியியற் கல்லூரிகளும், உயர் தொழில்நுட்ப நிறுவகங்களின் டிப்ளோமாக்களும், திறந்த பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இவற்றுக்கு விண்ணப்பங்கள் தனித்தனியாகக் கோரப்படும். திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு தமிழிலும் இருக்கிறது. நெற் கபேக்குப் போகுமுன் அதை வீட்டில் வைத்து வாசித்து, விருப்ப ஒழுங்கை ஒரு தாளில் பிள்ளையே எழுதட்டும். தட்டச்சு செய்வதை வேறொருவரிடம் விடலாம். சமர்ப்பிக்க முன் அந்தத் தாளோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பார்த்து, பிரதி ஒன்றையும் கையோடு எடுத்து வாருங்கள்.