நெருக்கடியிலும் குவைத் ஏன் தனக்குள் மோதவில்லை?

நிலைபெற்ற ஜனநாயக நாடுகளில் படையெடுப்போ பொருளாதார வீழ்ச்சியோ தலைமைச் சிக்கலோ வந்தாலும் உள்நாட்டுப் போர் மூள்வது அரிது. காரணம் எளிமையானது. தோற்றவருக்கு அடுத்த தவணை உண்டு. இந்த வருடம் நட்டப்பட்ட பங்காளி, அடுத்த வருடமும் கணக்குப் புத்தகம் நியாயமாகத் திறக்கப்படும் என்று நம்பினால் கடைக்குத் தீ வைக்க மாட்டான்.

வளைகுடாவில் முழுமையான ஜனநாயகம் எதுவும் இல்லை. அதற்கு ஓரளவு அருகே வந்த நாடு குவைத். 1962 நவம்பரில் அங்கு அரசியலமைப்பு பிரகடனமானது. 1963இல் 50 உறுப்பினர்களைக் கொண்ட தேசிய சபை தெரிவானது. 1986இல் அமீர் சபையைக் கலைத்தார். அதை மீளக் கூட்டக் கோரிய கூட்டங்களை 1990இன் தொடக்கத்தில் பொலிசார் கலைத்தனர்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படைகள் புகுந்தன. ஆட்சியாளர்மீது கோபம் கொண்டிருந்த எதிரணியினர் படையெடுத்தவனுடன் சேரவில்லை. அறியப்பட்ட தலைவர் எவரும் ஈராக் அமைத்த பொம்மை அரசில் பதவி ஏற்கவில்லை. ஒக்டோபர் 13 முதல் 15 வரை ஜித்தாவில் ஆளும் குடும்பமும் எதிரணியும் ஒரே மண்டபத்தில் கூடின. 1962 அரசியலமைப்புக்குத் திரும்புவதாக ஆட்சியாளர் வாக்களித்தனர். எதிரணி ஆட்சியின் உரிமையை ஏற்றது. 1992 ஒக்டோபரில் தேர்தல் நடந்தது.

2006 ஜனவரியில் அமீர் ஜாபர் காலமானபோது, அடுத்து வந்த ஷேக் சாத் கடும் நோயாளியாக இருந்தார். அரச குடும்பத்துக்குள் எழுந்த இழுபறியைத் தீர்த்தது துப்பாக்கி அல்ல. ஜனவரி 24ஆம் திகதி தேசிய சபை வாக்களித்து அவரை விலக்கியது. ஐந்து நாட்களில் ஷேக் சபா பதவியேற்றார்.

அயலில் ஓமானைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். சுல்தான் சயீத் பின் தைமூர் காலத்தில் முறையிடவும் ஒரு மன்றம் இருக்கவில்லை. 1965இல் டோபாரில் தொடங்கிய போர் பத்து ஆண்டுகள் நீடித்தது.

ஆனால் குவைத்தின் கணக்கில் ஒரு பெரிய குறையும் உண்டு. அந்தப் பாதுகாப்பு பேரேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே. 1990க்கு முன் அங்கு வாழ்ந்த ஏறக்குறைய 4 இலட்சம் பாலஸ்தீனரில், விடுதலைக்குப் பின் சிறு பகுதியினரே எஞ்சினர். அவர்களுக்கு வாக்குமில்லை, சபையில் குரலுமில்லை. வேரறுந்து வந்த நாங்கள் இதை வாசித்துவிட்டுக் கடந்துபோக முடியாது.

எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள்: இலங்கையில் 1931 முதல் சர்வசன வாக்குரிமை இருந்ததே, ஏன் போர் வந்தது? தேர்தல் இருந்தது, அடுத்த தவணை எங்களுக்கு இருக்கவில்லை. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு, பொதுத் தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டியது. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். எண்ணிக்கையில் என்றும் சிறுபான்மையாக இருக்கும் மக்களுக்கு வாக்குப்பெட்டி மட்டும் போதாது. பெரும்பான்மை நினைத்தவுடன் மாற்ற முடியாத உத்தரவாதமும் வேண்டும்.

2022இல் அதே தீவு வங்குரோத்தானது. ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். ஆனாலும் போர் வரவில்லை. ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றம் வாக்களித்துப் புதியவரைத் தெரிந்தது. தெருவில் நின்றவர்களுக்கு அடுத்த தேர்தலில் நம்பிக்கை இருந்தது. 2024இல் அது நடந்தும் முடிந்தது.

குவைத்தில் 2024 மே 10ஆம் திகதி அமீர் தேசிய சபையைக் கலைத்து, அரசியலமைப்பின் சில உறுப்புரைகளை நான்கு ஆண்டுகள் வரை இடைநிறுத்தினார். இன்று அங்கு அமைதிதான். ஆனால் அமைதியும் உறுதியும் ஒன்றல்ல. சபை மூடியிருக்கும் காலத்தில் ஒரு பெரிய நெருக்கடி வந்தால், 2006இல் செய்தது போல அதைத் தீர்க்க அங்கே யார் இருப்பார்கள் என்பதே கேள்வி.