மூளி அலங்காரி சாத்திய கதவு

2019 நவம்பர். ‘ஃப்ரோசன்’ இரண்டாம் பாகம் தமிழிலும் வருகிறது, எல்சாவுக்கு ஸ்ருதிஹாசன் குரல் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. முதல் பாகத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கே கிடையாது. ஆனாலும் தியேட்டருக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, “கதை மறந்துபோச்சுப்பா” என்று ஒரு பொய்யைச் சொல்லி, லேப்டாப்பில் மறுபடியும் போட வைத்தாள். பாளையங்கோட்டை வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

படம் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எல்சா தன் அறைக்கதவைச் சாத்திக்கொள்ள, தங்கை அன்னா வெளியே நின்று தட்டித் தட்டிப் பாடும் இடம் வந்தது. வருஷங்கள் ஓடுகின்றன, அன்னா வளர்கிறாள், கதவு மட்டும் திறக்கவில்லை. அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “இந்தப் பிள்ள தட்டுதா, அவ தொறக்க மாட்டேங்காளே. மூளி அலங்காரி கதவச் சாத்துன மாதிரில்லா இருக்கு.”

“அது யாரு ஆச்சி?”

“நல்லதங்காளுக்கு மதினி.”

“நல்லதங்காள் இளவரசியா?”

“ஆமா, ராசா வீட்டுப் பிள்ளைதான்.”

அம்மா கதையை ஆரம்பித்தாள். எனக்கு முடிவு தெரியும் என்பதால், “சின்னப் பிள்ளைட்ட போய் அந்தக் கதையச் சொல்லாதம்மா” என்று பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. “நாங்கள்லாம் இவ வயசுலதாம்ல பாத்தோம்” என்று சொல்லிவிட்டு, கீரைச் சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

‘கேட்டோம்’ என்று சொல்லாமல் ‘பாத்தோம்’ என்றாள். அந்த ஒரு சொல்தான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அர்ச்சுனாபுரத்து நல்லதம்பியின் தங்கை நல்லதங்காள். மானாமதுரைக் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு பிள்ளைகள். நாட்டில் 12 வருஷப் பஞ்சம். பிள்ளைகள் பசி தாங்காமல் அண்ணன் வீட்டை நம்பிப் புறப்படுகிறாள். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம். மதினி மூளி அலங்காரி, இவர்கள் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடுகிறாள். நல்லதங்காளின் கற்பின் வலிமையில் கதவு திறக்கிறது. உள்ளே போனால் எரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கிறாள் மதினி, அதுவும் எரிகிறது. ஆனால் பிள்ளைகள் வயிற்றுக்குள் கஞ்சி போகவில்லை. மானம் தாங்காத நல்லதங்காள், பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்துவிடுகிறாள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது, கிணறும் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் இப்போதும் ‘நல்லதங்காள் கதை’ என்றால் முடிவில்லாத துயரம் என்று பொருள்.

அம்மா இதைப் பார்த்தது தோல்பாவைக் கூத்தில். சேரன்மகாதேவி பக்கத்து ஊர் அவளுக்கு. 1950களின் கடைசி. அறுப்பு முடிந்த வயலில் கூத்துக் குடும்பம் வந்து கூடாரம் போடும். முன்னால் வெள்ளை வேட்டித் திரை, பின்னால் விளக்கு. ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவுகிற அளவுக்குப் பதப்படுத்தி, வெட்டி, சாயம் ஏற்றிய பாவைகள். சின்னச் சின்னத் துளைகள் வழியாக வெளிச்சம் வரும்போது நகையெல்லாம் மின்னும். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுப்பார்: ராமன், சீதை, ராவணன், குரங்கு எல்லாமே அவர்தான். ராமாயணம் என்றால் பத்து நாள் நடக்கும். இடையில் நல்லதங்காள், அரிச்சந்திரன்.

குமரி, நெல்லை, மதுரை, கோவில்பட்டி வட்டாரங்களில் இந்தக் கூத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ். நாகர்கோவில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இந்தக் கலைஞர்களுடன் நெடுங்காலம் பழகிக் கள ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். அவரைப் படிக்காமல் இந்த விஷயத்துக்குள் போக முடியாது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஆறு வயசுக்காரியும் எழுபது வயசுக்காரியும் ஒரே படத்தை எப்படிக் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள்? ‘குழந்தைகள் படம்தான், பெரியவங்களும் பார்க்கலாம்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். கூத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாக்கியமே தலைகீழ் என்று தோன்றுகிறது.

தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் உண்டு. ராமாயணத்துக்குள்ளேயும் வருவார்கள், நல்லதங்காளுக்குள்ளேயும் வருவார்கள். மூலக்கதையில் இவர்களுக்கு வேலையே கிடையாது. சண்டை போடுவார்கள், அடி வாங்குவார்கள், உள்ளூர் விஷயத்தைக் கிண்டல் பண்ணுவார்கள். “சோகம் வரும்போது தூங்கிருவோம், உச்சிக்குடும்பன் வந்தா எங்கம்ம எழுப்பி விடுவா” என்றாள் அம்மா. சின்னப்பிள்ளைகளுக்கு உச்சிக்குடும்பனின் குடுமி, இளவட்டங்களுக்கு அவனுடைய கொச்சைப் பேச்சு, தாய்மார்களுக்கு நல்லதங்காளின் ஒப்பாரி. திரை ஒன்றுதான். கூத்துக்காரர் யாரையும் ‘உனக்கு வயசு போதாது’ என்று வெளியே அனுப்பவில்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே புரோகிராம். உள்ளே வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் வேறு வேறு வாசல்.

அனிமேஷன் படத்தின் வரலாறும் நிழலில் இருந்துதான் கிளம்புகிறது என்பதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். இன்று நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் டிஸ்னியுடையது அல்ல. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண் 1926இல் வெளியிட்ட ‘இளவரசன் அக்மதின் சாகசங்கள்’ அது. அட்டையையும் மெல்லிய ஈயத்தகட்டையும் கத்தரித்து, மூட்டுகளில் கம்பி கோத்து, அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடித்தார். 1923இல் தொடங்கி மூன்று வருஷ வேலை. ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் இருந்து எடுத்த பரி பானு என்ற இளவரசியும் அதில் உண்டு. பார்த்தால் முழுக்க நிழல்பாவை. ரைனிகருக்கு நம் கூத்தோடு தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு முடிச்சைப் போட்டுப் பெருமைப்பட எனக்கு விருப்பமும் இல்லை. உலகத்தில் பல இடங்களில் மனிதர்கள் வெள்ளைத் துணியையும் விளக்கையும் வைத்துக்கொண்டு ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

11 வருஷம் கழித்து, 1937 டிசம்பர் 21இல் லாஸ் ஏஞ்சலிஸில் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ வந்தது. 83 நிமிடம். நொடிக்கு 24 சட்டகம் என்று பெருக்கிப் பாருங்கள், 1,19,520 வருகிறது. சுமார் 15 லட்சம் டாலர் செலவு. கார்ட்டூனை இவ்வளவு நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று சினிமாக்காரர்களே ‘டிஸ்னியின் முட்டாள்தனம்’ என்று கேலி பேசினார்கள். படம் ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் தெரியும். 1939இல் அதற்குக் கொடுத்த சிறப்பு ஆஸ்கார் விருதில் ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் இருந்தன. கொடுத்தது ஷெர்லி டெம்பிள், பத்து வயதுப் பெண்.

இதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. இங்கிலாந்துத் தணிக்கைக் குழு இந்தப் படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. அன்றைய கணக்கில் அதற்கு அர்த்தம், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் வர வேண்டும். சூனியக்காரியும் இருட்டுக் காடும் பிள்ளைகளைப் பயமுறுத்திவிடும் என்ற கவலை. இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு ‘குழந்தைகள் படம்’ என்று சொல்வதை, வந்தபோது அப்படி நினைக்கவில்லை.

அந்தக் குள்ளர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட கதையில் அவர்களுக்குப் பெயரே கிடையாது. படத்தில் ஏழு பேருக்கும் ஏழு பெயர், ஏழு குணம். ஒருவன் தும்முகிறான், ஒருவன் தூங்கி வழிகிறான், ஒருவன் சிடுசிடுக்கிறான். சாவை நோக்கிப் போகிற கதைக்கு நடுவே இந்த ஏழு பேரும் செய்வது உச்சிக்குடும்பன் வேலை. ‘ஃப்ரோசன்’ படத்தில் அதே வேலையைப் பனிப்பொம்மை ஓலாஃப் செய்கிறான்.

கிரிம் கதைகளே முதலில் குழந்தைகளுக்கென்று மட்டும் வந்தவை அல்ல. 1812இல் முதல் தொகுதி வந்தபோது தலைப்பில் குழந்தைகளும் இருந்தார்கள், வீடும் இருந்தது. அந்தப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். 1825இல் 50 கதைகளை மட்டும் பொறுக்கிச் சிறிய பதிப்பு போட்டார்கள்; குழந்தைகள் புத்தகமாகப் பரவியது அது. பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற சங்கடத்தை ஒரு சொல்லை மாற்றித் தீர்த்துக்கொண்டார்கள். நல்லதங்காள் கதையை யாரும் அப்படித் திருத்தவில்லை. கூத்திலும் சரி, பெரிய எழுத்துப் புத்தகத்திலும் சரி, பிள்ளைகளைக் கிணற்றில் போடுவது பெற்றவள்தான்.

‘ஃப்ரோசன்’ வேறு மாதிரித் திருத்தம். ஆண்டர்சன் 1844இல் வெளியிட்ட ‘பனி ராணி’ கதைதான் அதற்கு விதை. படத்தை உருவாக்கும்போது முதலில் எல்சாவை வில்லியாகத்தான் வைத்திருந்தார்கள். மலைமேல் தனியாக அவள் பாடும் அந்தப் பிரபலமான பாட்டு எழுதி வந்த பிறகு, இவளை வில்லியாக வைக்க முடியாது என்று கதையையே மாற்றினார்கள். மூளி அலங்காரியாக இருக்க வேண்டியவள் கூடப்பிறந்தவள் ஆகிவிட்டாள். கதவைச் சாத்தியதற்கு அவளிடம் ஒரு காரணமும் வந்துவிட்டது: தன் கையால் தங்கைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்ற பயம். கடைசியில் சாபத்தை உடைப்பது இளவரசனின் முத்தம் அல்ல, உடன்பிறப்புப் பாசம். அம்மாவுக்கு ஆங்கிலம் தேவைப்படாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அண்ணன் தங்கை கதைகளிலேயே ஊறிய ஊர் இது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு நான் நிறுத்திய கதை நின்றே போய்விட்டது. அம்மாவும் அப்புறம் எடுக்கவில்லை. மகளுக்கு இப்போது 12 வயது. இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, “அன்னைக்கு ஆச்சி சொன்ன இளவரசி கதை என்னாச்சு?” என்று கேட்டாள். ஆறு வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறாள். இந்தத் தடவை நான் குறுக்கே போகவில்லை.

அம்மா ராத்திரி சாப்பாடு முடிந்து சொன்னாள். கிணறு வரைக்கும், ஒன்றையும் மறைக்காமல். கூத்துக்காரர் ஒவ்வொரு பாவையாகத் திரைக்குக் கீழே இறக்கும்போது கூட்டத்தில் பெண்கள் ஓவென்று அழுவார்களாம். “எங்கம்ம தேம்பித் தேம்பி அழுவா. நான் கதைக்குத்தான் அழுதான்னு நெனச்சேன். நான் பெரிய மனுசி ஆனப்புறந்தான் சொன்னா. எங்க ஐயா கடன்பட்டுக் கெடந்த வருசம் எங்களத் தூக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா. வீட்டுல ஆள் இருந்துகிட்டே கதவத் தொறக்கலியாம். திண்ணையில இருந்துட்டுத் திரும்பி வந்திருக்கா.”

இது எனக்கும் புதுச் செய்தி. என் ஆச்சி இறந்து 25 வருஷம் ஆகிறது. அவள் பிறந்த வீட்டைப் பற்றி ஏன் வாயே திறக்கமாட்டாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சொல்ல வந்தது ஒருவேளை இதுவாகவும் இருந்திருக்கலாம்.

மகள் அழவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த ஏழு பேருக்கும் பேரு என்ன ஆச்சி?” என்றாள். குள்ளர்கள் ஏழு பேரின் பெயரும் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளை, வேறு என்ன கேட்பாள்?

“கூத்துக்காரர் எண்ணத்தான் செய்வாருட்டி, பேரு சொன்னதா ஞாபகமில்ல” என்றாள் அம்மா.

சினிமாவும் டிவியும் வந்தபின் கூத்துக்கு ஆள் குறைந்து, பாவைப்பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வேறு பிழைப்புக்குப் போன குடும்பங்கள் நிறைய. கூத்தை நேரில் பார்த்த தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், எந்தக் கதையைப் பார்த்தார்கள், எந்த இடத்தில் யார் அழுதார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கேட்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.