ஜரியா நிலக்கரிச் சுரங்கத் தீ

ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத் மாவட்டத்தில், தாமோதர் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது ஜரியா நிலக்கரி வயல். இதன் பரப்பு சுமார் 450 சதுர கிலோமீட்டர். இரும்பு உருக்காலைகளுக்கு வேண்டிய உயர்தரக் கோக் நிலக்கரிக்கு இந்தியா பெரிதும் நம்பியிருப்பது இவ்வயலைத்தான். இங்குள்ள பௌரா சுரங்கத்தில் 1916ஆம் ஆண்டு முதன்முதலாகத் தீ கண்டறியப்பட்டது. அதன் பிறகு ஒரு சுரங்கத்தில் அணைக்கப்பட்டால் மற்றொன்றில் என்று, நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வயலில் தீ முழுமையாக ஓயவில்லை. தீயைத் தடுக்கும் முறை 1930களிலேயே தெரிந்திருந்தும், அதற்கு ஆகும் செலவை ஏற்க ஆள் இல்லாமல் போனதே ஜரியாவின் வரலாறு.

தீ எவ்வாறு பற்றுகிறது

நிலக்கரி எரிவதற்குத் தீக்குச்சி தேவையில்லை. புதிதாக உடைக்கப்பட்ட கரி, காற்றில் உள்ள ஆக்சிஜனை மெல்ல ஈர்த்துக்கொள்கிறது. இந்த வேதிவினையில் சிறிது வெப்பம் வெளிப்படும். காற்றோட்டம் வலுவாக இருந்தால் அந்த வெப்பத்தைக் காற்றே அடித்துச் சென்றுவிடும். காற்றே இல்லாவிட்டால் வினை நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் ஆபத்தானது: கரியை எரிக்கப் போதுமான காற்று வருகிறது, வெப்பத்தை வெளியேற்ற அது போதவில்லை. கைவிடப்பட்ட பழைய சுரங்கப் பகுதிகளில் இந்த நிலை எளிதில் உண்டாகிறது. அங்கே நொறுங்கிய கரி குவிந்து கிடக்கும். இடிந்த கூரையின் விரிசல்கள் வழியே காற்று கசிந்து வரும். கரியின் வெப்பம் ஏற ஏற வினையின் வேகமும் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அது தானாகவே தீப்பற்றிவிடும்.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் காற்றில் ஈரம் கூடி, கூரையிலும் சுவரிலும் நீர்த்துளிகள் வியர்வைபோல் அரும்பும். பிறகு மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடை எழும். அதன் பின்னரே புகை. அனுபவமுள்ள தொழிலாளர்கள் வாடையை வைத்தே எச்சரித்துவிடுவார்கள். ஆனால் வாடை வருவதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடு கசியத் தொடங்கியிருக்கும். இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நிலத்தடித் தீயில் சுடர் தொடாமலே உயிர்கள் போவது பெரும்பாலும் இதனால்தான். சுரங்கக் காற்றில் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அதற்கு எவ்வளவு கார்பன் மோனாக்சைடு உண்டாகியிருக்கிறது என்று ஒப்பிட்டு, கண்ணுக்குத் தெரியாத வெப்பமேற்றத்தை அறியும் முறையும் உண்டு. அதைக் கண்டறிந்த பிரித்தானிய ஆய்வாளரின் பெயரால் அது கிரகாம் விகிதம் எனப்படுகிறது.

தூண்களும் மணலும்

1890களில் ரயில் பாதை வந்தபின் ஜரியாவில் சுரங்கத் தொழில் வேகம் பிடித்தது. சிறியதும் பெரியதுமாகப் பல தனியார் முதலாளிகள் அடுத்தடுத்துக் குத்தகை எடுத்தனர். கரி அடுக்குகள் தடிமனாகவும் நிலத்துக்கு மிக அருகிலும் இருந்ததால் தோண்டுவது எளிதாயிற்று. சதுரங்கக் கட்டங்கள்போல் நெடுக்கும் குறுக்குமாக வழிகள் வெட்டி, நடுவில் கரியையே தூண்களாக விட்டுக் கூரையைத் தாங்கச் செய்வது அங்கிருந்த முறை. அடுக்கின் கரியில் பெரும்பகுதி இத்தூண்களிலேயே நின்றுவிடும்.

விலை ஏறிய காலங்களில் தூண்களையும் சுரண்டி எடுத்தார்கள். தூண் மெலிந்தால் நொறுங்கும். நொறுங்கினால் கூரை இறங்கும். கூரை இறங்கினால் மேலே நிலம் பிளந்து காற்றுக்கு வழி கிடைக்கும். தீக்கு வேண்டிய அத்தனையும் இந்த ஒரு செயலிலேயே அமைந்துவிடுகிறது. 1930 நவம்பர் 8 அன்று, கச்சி முதலாளியான சேட் கோரா ராம்ஜியின் குடும்பத்துக்குச் சொந்தமான காஸ் ஜரியா, கோல்டன் ஜரியா சுரங்கங்கள் நிலத்தடித் தீயால் இடிந்தன. நிலம் 18 அடி உள்வாங்கியது. அக்குடும்பத்தின் வீடும் பங்களாவும் அதோடு சரிந்தன. சுரங்கத்தால் வந்த சேதம் சுரங்க உரிமையாளரின் வாசலுக்கே வந்தது ஜரியாவில் அரிதாகவே நடந்தது. மற்ற காலங்களில் கூரை இழந்தவர்கள் கரி வெட்டியவர்களும் அவர்களை அண்டிப் பிழைத்தவர்களும்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் விபத்துகள் தொடர்ந்தன. 1935இல் கிரீடி பகுதியின் குர்குர்பாரி சுரங்கத்தில் 62 பேர் இறந்தனர். 1936 ஜனவரியில் ஜரியா வயலின் லோயாபாதில் 35 பேர். அதே ஆண்டு டிசம்பரில் ராணிகஞ்ச் வயலின் போய்டி சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 209 பேர். அரசு பரோஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தது. கரியை எடுத்த வெற்றிடத்தை மணலால் நிரப்ப வேண்டும் என்பது அப்போதைய விவாதங்களின் மையமாயிற்று. தாமோதர் ஆற்று மணலை நீரோடு கலந்து குழாய் வழியே உள்ளே செலுத்தினால், நீர் வடிந்தபின் மணல் இறுகிக் கூரையைத் தாங்கும். காற்று புக இடம் இராது. தூண்களிலுள்ள கரியையும் பாதுகாப்பாக எடுக்கலாம். 1939இல் மணல் நிரப்புதலுக்கான சட்டம் இயற்றப்பட்டது. விற்கும் கரியின் மீது தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் நிரப்பும் பணிக்கு உதவுவது அதன் ஏற்பாடு. அதே காலகட்டத்தில் மீட்புப் பணிக்கான விதிகளும் உருவாகி, தன்பாத்தில் மீட்பு நிலையம் ஒன்று அமைந்தது.

சட்டத்தின் நோக்கம் சரியானது. ஆனால் சிறு முதலாளிகளுக்கு மணல் ஏற்றுவதும் குழாய் பதிப்பதும் இலாபத்தைத் தின்னும் வேலையாகவே தோன்றியது. குத்தகை முடிவதற்குள் எடுத்தவரை இலாபம் என்று நினைத்தவர்களுக்கு, இருபது ஆண்டுகள் கழித்துப் பற்றப்போகும் தீயைப் பற்றி என்ன கவலை?

அணைக்கும் வழிகள்

ஆழ்நிலத்தில் பற்றிய தீயை நீர் ஊற்றி அணைப்பது எளிதன்று. கொதிக்கும் கரியின் மீது நீர் பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த, வெடிக்கக்கூடிய வாயு உண்டாகும். ஆகவே தீப்பகுதியைச் சுற்றிச் செங்கல் அல்லது கான்கிரீட் அடைப்புச் சுவர் எழுப்பிக் காற்றை நிறுத்துவதே வழக்கமான முறை. அதிலும் ஆபத்து உண்டு. சுவர் முடியும் தறுவாயில் காற்றோட்டம் குறைந்து, உள்ளே மீத்தேன் சேர்ந்து வெடிப்பு வரம்பை எட்டக்கூடும். தீ அருகிலேயே இருக்கும். இதனால்தான் கடைசித் திறப்புகளை ஒரே நேரத்தில் மூடிவிட்டு, ஆட்களை உடனே மேலே ஏற்றிவிடுகிறார்கள். நைட்ரஜன் செலுத்தி உள்ளேயுள்ள ஆக்சிஜனைத் தணிப்பது பின்னாளில் சேர்ந்த உத்தி. தீ மேல்மட்டத்தை நெருங்கிவிட்டால், நிலத்தின் மீது மண் பரப்பி விரிசல்களை மூடுவார்கள். அல்லது தீ பரவும் திசையில் பெரும் அகழி வெட்டி, கரியின் தொடர்ச்சியை அறுப்பார்கள்.

ஜரியாவில் இவை அத்தனையும் முயலப்பட்டன. எனினும் அடுக்கின் மீது அடுக்காகப் பல சுரங்கங்கள், பக்கத்துக் குத்தகைகளோடு ஒட்டிய பழைய வழிகள், முறையான வரைபடமே இல்லாத குடைவுகள் என்று நிலம் சல்லடையாகியிருந்தது. ஒரு பக்கம் அடைத்தால் காற்று வேறு பக்கத்திலிருந்து வந்தது.

தேசியமயமும் அதற்குப் பிறகும்

1971 அக்டோபரில் கோக் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை ஒன்றிய அரசு ஏற்றது. 1972இல் அவை தேசியமாக்கப்பட்டன. பாரத் கோக்கிங் கோல் நிறுவனம் அவற்றைப் பெற்றபோது 70 இடங்களில் தீ இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. பின்னர் 7 இடங்கள் சேர்ந்து 77 ஆயின. தீப்பகுதியின் மொத்தப் பரப்பு 17.32 சதுர கிலோமீட்டர். அதுவரை எரிந்துபோன நல்ல கோக் கரி ஏறத்தாழ 3.7 கோடி டன் இருக்கும் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். எரிந்ததைவிட, தீயின் காரணமாக எடுக்க முடியாமல் முடங்கிய கரி பல மடங்கு அதிகம்.

புதிய நிர்வாகம் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு மாறியது. இதில் இரு பக்கம் உண்டு. எரியும் கரியை வெட்டி அகற்றிவிட்டால் தீயும் தீர்ந்தது, கரியும் கிடைத்தது என்பது நிறுவனத்தின் வாதம். பல இடங்களில் அது பலித்தும் இருக்கிறது. ஆனால் வெட்டும் போது மூடிக்கிடந்த பழைய வழிகளின் வாய்கள் திறந்துகொள்கின்றன. நெடுநாள் புழுங்கிக்கொண்டிருந்த கரிக்கு அப்போது புதுக்காற்று கிடைக்கிறது. ஜரியாவில் இரவில் செந்நிறமாக ஒளிரும் கரிச்சுவர்களில் பல, இவ்வாறு திறக்கப்பட்டவையே.

அசன்சோல் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஹராதன் ராய் 1997இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக உருவான ஜரியா பெருந்திட்டத்துக்கு 2009 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது; ஒதுக்கீடு 7,112 கோடி ரூபாய். தீயை அடக்குவதும், அபாயப் பகுதியில் வாழ்வோரைப் பெல்கரியா முதலிய புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றுவதும் அதன் இரு பகுதிகள். 2004 கணக்கெடுப்பில் சுமார் 54,000 ஆக இருந்த குடும்பங்களின் எண்ணிக்கை, 2019 கணக்கெடுப்பில் 1 லட்சத்தைத் தாண்டியது. பெல்கரியாவில் வீடு கிடைத்தவர்களில் பலருக்கு அங்கே பிழைப்பு இல்லை. கரி பொறுக்கி விற்றும், ஜரியா சந்தையில் கூலி வேலை செய்தும் வாழ்ந்தவர்கள் புகையும் நிலத்துக்கே திரும்பி வந்ததுண்டு. மக்கள் பிடிவாதமாக இடம்பெயர மறுக்கிறார்கள் என்று மட்டும் சொல்வது இந்தக் கணக்கை மறைத்துவிடும்.

2017 மே மாதம் ஜரியாவின் இந்திரா சௌக் அருகே திடீரெனப் பிளந்த நிலத்துக்குள் ஒரு தந்தையும் மகனும் விழுந்து மாண்டனர். அடுத்த மாதம் 15ஆம் தேதி, அடியில் தீ இருப்பதைக் காரணம் காட்டித் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதை மூடப்பட்டது. 34 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 2019இல் மீண்டும் திறக்கப்பட்டது.

செயற்கைக்கோள் வெப்பப் படங்களைக் கொண்டு 2021இல் முடிந்த ஆய்வின்படி, தீப்பகுதி 27 இடங்களில் 1.80 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியுள்ளது. இது பெரிய குறைவுதான். ஆனால் இத்தகைய படங்கள் மேற்பரப்பை எட்டிய வெப்பத்தையே காட்டும். ஆழத்தில் புழுங்கும் கரியை அவை அளப்பதில்லை. 2025இல் அரசு 5,940 கோடி ரூபாயில் திருத்திய பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இடம்பெயரும் குடும்பங்களின் வாழ்வாதாரத்துக்கான மானியம், கடன் வசதி, தொழிற்பயிற்சி ஆகியவை இம்முறை திட்டத்தில் இடம்பெற்றுள்ளன.