வேலியைக் கேள்வி கேட்பது யார்?



சிறுவர் பாதுகாப்பைப் பற்றிய எங்கள் கலந்துரையாடலில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்தார். “தம்பி, இலாகா மேல உள்ள புகாரை இலாகாகிட்டயே கொடுத்தா நியாயம் கிடைக்குமா?” என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நேரம் போதாததால் அன்று முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்வியோடு 50 ஆண்டுகளாகப் போராடி வரும் நாடு இங்கிலாந்து. அந்த வரலாற்றிலிருந்தே இன்று பதில் தேடுவோம்.

1973-ஆம் ஆண்டு பிரைட்டன் நகரில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி மாற்றாந்தந்தையின் அடியால் இறந்தாள். அவள் சமூகநல அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்தவள். நாடே கொதித்தது. 1974-இல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் மீதான புகார்களை விசாரிக்க ஆம்புட்ஸ்மன் எனும் ஆணையர் பதவி சட்டத்தின் மூலம் உருவானது. ஆனால் 1988 வரை பொதுமக்கள் அவரை நேரடியாக அணுக முடியாது. மன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகத்தான் புகார் போக வேண்டும். யார் மீது புகாரோ, அந்த மன்றத்தின் உறுப்பினர் வழியாக!

அடுத்து வந்தது 1989-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம். 1991 அக்டோபரில் அமலுக்கு வந்த அச்சட்டம், ஒவ்வொரு மன்றமும் புகார் விசாரணை முறையை வைத்திருக்க வேண்டும் என்றது. மூவர் கொண்ட மறுஆய்வுக் குழுவில் ஒருவராவது மன்றத்தைச் சாராதவராக இருக்க வேண்டும் என்பது விதி. மூவருமே வெளியாராக இருக்க வேண்டும் என்ற நிலை 2006-இல்தான் வந்தது.

இந்த ஏற்பாடுகள் போதுமானவையா? அதைச் சோதித்துப் பார்த்தது பெட்ஃபோர்ட்ஷயர் வழக்கு.

ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் பசியோடும் அழுக்கோடும் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக 1987 முதல் மாவட்ட மன்றத்திற்குத் தகவல் போய்க்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் குப்பைத் தொட்டியில் கிடந்த உணவை அவர்கள் எடுத்து உண்டனர். உறவினர், அண்டை வீட்டார், பள்ளி, காவல்துறை எனப் பலரும் எச்சரித்தனர். ஆனாலும் 1992-இல்தான் பிள்ளைகள் வெளியே எடுக்கப்பட்டனர். நான்கரை ஆண்டுகள், அன்பர்களே!

பிள்ளைகள் சார்பில் மன்றத்தின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. 1995-இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. இழப்பீட்டுக்குப் பயந்தால் அதிகாரிகள் துணிந்து செயல்பட மாட்டார்கள் என்றனர். புகார் முறையும் ஆம்புட்ஸ்மனும் இருக்கின்றனவே என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதாவது, புகார்ப் பெட்டி ஒன்று இருப்பதே நீதிமன்றக் கதவைச் சாத்துவதற்குக் காரணமானது.

பிள்ளைகள் தரப்பு ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. 2001 மே மாதம் தீர்ப்பு வந்தது. கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காக்க அரசு தவறியது. பயனுள்ள நிவாரணமும் இல்லை என்றது நீதிமன்றம். ஆம்புட்ஸ்மனின் பரிந்துரைக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது என்பதைப் பிரிட்டிஷ் அரசே ஒப்புக்கொண்டது.

இன்றைய நிலை என்ன? பெரும்பாலான மன்றங்கள் ஆம்புட்ஸ்மனின் பரிந்துரையை ஏற்று நடக்கின்றன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது இன்னமும் பரிந்துரைதான். நீதிமன்றத்துக்குப் போன விஷயத்தை அவர் தொட முடியாது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் முடிவோ பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் எடுக்கப்படுகிறது! தவறு தெரிய வந்த 12 மாதங்களுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பது பொது விதி. தக்க காரணம் இருந்தால் அவர் அதைத் தளர்த்தலாம். ஆனால் தனக்கு நடந்தது தவறு என்று ஒரு பிள்ளை வாய் திறக்கவே பல ஆண்டுகள் ஆகுமே!

நீதிமன்ற வழியும் முழுதாகத் திறந்துவிடவில்லை. பிள்ளையைக் காக்கும் பொறுப்பை மன்றம் தனிப்பட ஏற்றுக்கொண்டது என்று காட்டினாலன்றி, காக்கத் தவறியதற்காக அலட்சிய வழக்கில் வெல்வது கடினம் என்பதை 2023 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. மனித உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்காடலாம். அதற்கும் காலக்கெடு உண்டு.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று கேட்பது நம் வழக்கம். இங்கே வேலி மேயவில்லை, தூங்கிவிட்டது. தூங்கிய வேலியை எழுப்பிக் கேள்வி கேட்கும் காவலருக்கு விசிலைக் கொடுத்தார்கள், சாவியைக் கொடுக்கவில்லை.

அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான். அம்மா, புகாரை இலாகாவிடமே கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அதற்கு மேல் யார் விசாரிக்கிறார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார், அவர் சொல்வதற்குக் கட்டாயம் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். பிள்ளைகளால் கேட்க முடியாது. அவர்களுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.