கல்லாப்பெட்டியின் ஞாபகம்

என் ஊர் சக்குபள்ளம். இங்கே யாருக்கும் தெரியாது என்பதால், "குமுளிக்குப் பக்கம், ஏலக்காய்த் தோட்டம்" என்று சேர்த்துச் சொல்வேன். பிழைப்பு, கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்களோடு. அந்தப் பெட்டி எதை, எங்கே ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

1879இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி கல்லா இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வேலையாட்கள் காசை எடுத்துவிடுகிறார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். ஆக, முதலாளிக்காகப் பிறந்த ஞாபகம் இது.

1981இல் ஐபிஎம் பிசி வந்தது. பிறகு பல கடைகளின் பில் மெஷினுக்குள்ளே இருந்ததும் இதே அமைப்புதான். மொத்தம் 1024 கேபி முகவரிகள். கீழே 640 கேபி புரோகிராம்களுக்கு. மேலே 384 கேபி திரைக்கும், கார்டுகளுக்கும், பயாஸுக்கும். அடித்தளத்தில் ஒரு குட்டி இடம், 32 பைட். நாம் தட்டும் எழுத்துகள் வரிசையில் காத்திருக்கும் திண்ணை அது. 15 எழுத்துக்கு மேல் உட்கார முடியாது. கீபோர்டு வழியாகப் பேசும் பார்கோடு ஸ்கேனர், 13 இலக்கமும் ஒரு என்டரும் சேர்த்து 14 அனுப்பும். மயிரிழையில் தப்பிக்கும்! புரோகிராம் எடுத்துக்கொள்ளும் முன் அடுத்த பொருளைக் காட்டினால் 'பீப்' சத்தம்தான்.

கரண்ட் போனால் சாதாரண ராம் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் பல பில் மெஷின்களில் அன்றைய கூட்டுத்தொகைக்கென்று பேட்டரி போட்ட தனி நினைவகம் வைத்தார்கள். இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போனது. 1983இல் வந்த சட்டப்படி, தினசரி விற்பனைத் தொகை அழிக்க முடியாத, சீல் வைத்த நினைவகத்தில் பதிய வேண்டும். இப்போது சந்தேகம் முதலாளி மேல். ஞாபகம் வரி இலாகாவுக்காக.

எங்கள் பக்கத்து மளிகைக்கடையில் பற்று வரவுக்கு இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று கடைக்காரரிடம், ஒன்று தோட்ட வேலைக்குப் போகிறவர் வீட்டில். சாமான் வாங்கும்போது இரண்டிலும் எழுதுவார்கள். படிக்கத் தெரியாத ஆத்தாகூடப் பேத்தியை விட்டுச் சரிபார்க்கலாம்.

2018இல் கேரள ரேஷன் கடைகளுக்கு இ-பாஸ் இயந்திரம் பரவியது. பெரும்பாலும் விரல் வைத்துத்தான் அரிசி. கள்ளக் கணக்கு எழுதுவது கஷ்டமானது உண்மை, நல்லது. ஆனால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற ஞாபகம் கடையில் இல்லை, தூரத்து சர்வரில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் சர்வர் கோளாறால் ரேஷன் கடைகளைச் சில நாட்கள் மூடவே வேண்டியதாயிற்று. அரிசி மூட்டை கண்ணெதிரே, கணக்குதான் இல்லை.

ரிட்டி முதல் இன்றுவரை, கல்லாவின் ஞாபகம் யாரோ ஒருவருக்குக் காவல் நின்றிருக்கிறது. வாங்குகிறவர் கையில் மிஞ்சுவது அந்தத் துண்டுச்சீட்டு மட்டும். அதிலும் பல தெர்மல் பேப்பர், வெயிலில் வைத்தால் எழுத்து போய்விடும். இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் சொல்லுங்கள்: ரேஷன் பில்லைக் கசக்கிப் போடாமல், எடை, தேதியை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்த இரண்டாவது நோட்டை எந்த இயந்திரமும் நமக்காக எழுதித் தராது.