கேகாலை கற்பித்த பாடம்



ஒரு நாட்டிலே நோய் எங்கே மூளும் என்பதை முன்னறிவது எளிதன்று. நேற்று நோய் கண்ட இடத்திலேயே நாளையும் நோய் தோன்றும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இலங்கைக்கு உணர்த்தியது 1934ஆம் ஆண்டு.

மலேரியா இந்நாட்டுக்குப் புதியதன்று. அநுராதபுரம், பொலனறுவை, வன்னி முதலிய உலர் வலயப் பகுதிகள் அதன் உறைவிடங்களாக நெடுங்காலம் கருதப்பட்டன. பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கின்றது என்று கணக்கிடுவது, ஓரூரின் மலேரியாவை அளக்க அக்காலத்தார் கையாண்ட முறை. அவ்வளவையின்படி அஞ்சத்தக்க பகுதி உலர் வலயமே. மழையும் ஆறும் மலிந்த கேகாலையோ அச்சமற்ற இடமாகத் தோன்றியது.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் ஓட்டம் மெலிந்தது. ஆறு பெருகி ஓடும் காலத்தில் நுளம்பின் குடம்பிகளை வெள்ளம் அடித்துச் சென்றுவிடும். ஓட்டம் ஒடுங்கியபோதோ, ஆற்றுப் படுகையின் மணற்குழிகளிலும் பாறைப் பள்ளங்களிலும் தெளிந்த நீர் வெயில் படத் தேங்கி நின்றது. இந்நாட்டில் மலேரியாவைப் பரப்புவதில் தலைமை பெற்ற அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு முட்டையிட விரும்புவது அத்தகைய நீரிலேதான். வறட்சியே அதற்கு வாழ்வாயிற்று.

அவ்வாண்டின் பிற்பகுதியில் காய்ச்சல் மூண்டது. 1935இன் முற்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களை அது கொள்ளைகொண்டது. மிகக் கொடிய அழிவுக்கு உள்ளானவை கேகாலையும் குருநாகலும் அவற்றை அடுத்த பகுதிகளுமே.

ஏன் அவ்வாறு நிகழ்ந்தது? உலர் வலய மக்கள் இளமையிலிருந்தே பலமுறை நோயுற்று, அதனைத் தாங்கும் ஆற்றலை ஓரளவு பெற்றிருந்தனர். அந்த ஆற்றலுக்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. கேகாலை மக்களுக்கோ அவ்வாற்றல் வாய்க்கவில்லை. விளைச்சல் கெட்டதனால் பசியும் உடன் சேர்ந்தது. நோயறியாத உடலும் வெறும் வயிறுமாக இருந்த மக்கள்மீது காய்ச்சல் பாய்ந்தது.

ஆகவே ஒரு பகுதியின் இடரை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். நோயைப் பரப்பும் நுளம்பு அங்கே பெருக இடமுண்டா? நோய்க்கிருமி அங்கே வந்துசேர வழியுண்டா? வந்தால் அதனைத் தாங்கும் வலிமை மக்களுக்கு உண்டா? முதல் வினாவோடு நின்றுவிடும் கணக்கு அரைக் கணக்கே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.ரி. மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கைகூடிற்று என்று காவல் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டிலோ நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதன்பின் பல்லாண்டு உழைப்பின் பயனாக, 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

ஆனால் அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரவல்லது அது. ஆற்றை நோக்கியிருந்த நம் கண்களை முற்றத்துக் கிணற்றின் பக்கமும் திருப்ப வேண்டியதாயிற்று.

மலேரியாவை அறியாத தலைமுறையொன்று இப்பொழுது வளர்ந்து வருகின்றது. அது நமது பேறு. எனினும், நோயைத் தாங்கிப் பழகாத உடல் என்ற வகையில் 1934இன் கேகாலையும் இன்றைய இலங்கையும் ஒன்றே. அன்று இல்லாத காவல் இன்று நம்மிடம் உண்டு என்பதே வேறுபாடு. கிணற்றையும் தொட்டியையும் நுளம்பு புகாவண்ணம் பேணுவதும், வெளிநாடு சென்று மீண்டோர் காய்ச்சல் கண்டவுடன் குருதியைச் சோதிப்பித்துக்கொள்வதும் அக்காவலின் உறுப்புகள். நோய் இல்லாத ஊருக்கே காவல் மிகுதியும் வேண்டும் என்பது கேகாலை கற்பித்த பாடம்.