கம்பத்தின் மேல் ஒரு குரல்: வீராம்பட்டினமும் கேட்டலின் வரலாறும்

வீராம்பட்டினத்தைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, அதை ஒட்டியுள்ள அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகறியச் செய்தார். மற்றொன்று, செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித்தேர். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம் இன்றைய துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் அந்த மீனவ ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது கேட்டலின் வரலாறு.

1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன், புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். அங்கிருந்து எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு வழியே செய்திகள் சென்றன. மையத்துக்கான இடத்தை ஊர்தான் தரவேண்டும். சாதி பாராமல் எவரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நெல் விளையும் ஊர்களில் விலையையும் உரத்தையும் பற்றிக் கேட்டார்கள். வீராம்பட்டினத்தார் கேட்டது கடலைப் பற்றி.

அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரமும் காற்றின் போக்கும் முன்கணிப்பாக வெளிவந்துகொண்டிருந்தன. மையத்தார் அவற்றைத் தரவிறக்கி, தமிழாக்கி, கடற்கரையில் உயர்ந்த கம்பங்களில் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிகள் வழியே அறிவித்தார்கள். ஒரு வல்லரசு தன் போர்க்கப்பல்களுக்காகப் போட்ட கணக்கு, கட்டுமரக்காரரின் காதுக்கு அவர் ஊர்க்காரரின் குரலிலேயே வந்துசேர்ந்தது. இணையம் என்றாலே திரையும் விசைப்பலகையும் என்று நகரத்தில் நாம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் இதைத் தொழில்நுட்ப அதிசயமாக மட்டும் பார்ப்பது போதாது என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் வாசிப்பே நெடுங்காலம் காதின் வழியாக நடந்த ஒன்று. திராவிட இயக்கத்தின் படிப்பகங்களிலும் தேநீர்க்கடை பெஞ்சுகளிலும் ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பார். எழுத்தறியாத பத்துப்பேர் கேட்டு, பிறகு வாதிடுவார்கள். வானொலியும் அப்படியே. 1924-இல் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தொடங்கி, சில ஆண்டுகளில் பணமின்றி நின்றது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் தானே ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றவர்கள் மெரினாவில் ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்து சங்கீதம் கேட்டார்கள். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வானொலி கடற்கரைக்கு வந்துவிட்டது.

வீராம்பட்டினத்துக்கு ஒரு சமகாலத் தோழமையும் உண்டு. இலங்கை மலைநாட்டின் கொத்மலை சமூக வானொலி, அதே 1998-இல் யுனெஸ்கோ ஆதரவில் இணையத்தோடு இணைந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஒலிபரப்பிலேயே விளக்குவார்கள். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களில் இணைய வசதியும் ஏற்படுத்தினார்கள். வானொலி, இணையம், நூலகம் மூன்றும் ஒரே கயிற்றில் பின்னப்பட்ட அரிய தருணம் அது.

‘பாட்காஸ்ட்’ என்ற சொல் பிறந்தது 2004 பிப்ரவரியில், லண்டன் ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில். அடுத்த ஆண்டே ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் அதற்கு இடமளித்தது. தவறவிட்ட நிகழ்ச்சியை நினைத்த நேரத்தில் கேட்கலாம், நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். வானொலி நாடகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மின்வெட்டுக்குப் பறிகொடுத்த தலைமுறைக்கு இது சிறிய வரமல்ல. ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. ஒலிபெருக்கி காதுக்கருவியாகச் சுருங்கியது. பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் பொது நூலகத்துக்கு வேலை இருக்கிறது. புதுச்சேரியின் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-இல் தொடங்கியது. பழைய பிரெஞ்சு நூல்களை இன்றும் காத்துவைத்திருக்கிறது. நூலைக் காப்பதுபோலக் குரலையும் காக்கலாம். கடலோரக் கிளை நூலகம் ஒன்றில் மாலை ஒரு மணிநேரம் ஒரு நிகழ்ச்சியை எல்லோரும் கேட்கும்படி ஒலிக்கவிட்டு, பிறகு பேசலாம். நட்சத்திரம் பார்த்துக் கரை திரும்பிய முதியவர்களின் பேச்சைப் பதிந்து வைக்கலாம். பாம்பனில் ‘கடல் ஓசை’ சமூக வானொலி 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பி வருகிறது; அத்தகைய நிகழ்ச்சிகளை நூலகங்கள் முறையாகச் சேமித்து, பட்டியலிட்டு, கேட்கத் தரலாம். செலவு அதிகமில்லை. ஒரு கணினி, ஒரு ஒலிபெருக்கி, அக்கறையுள்ள ஒரு நூலகர்.

அந்தச் சொல் பிறந்த ஆண்டின் கடைசி ஞாயிறு டிசம்பர் 26. வீராம்பட்டினத்துக்குத் தெற்கே, நல்லவாட்டிலும் ஒரு தகவல் மையம் இருந்தது. அம்மையத்தில் முன்பு தொண்டராக இருந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டைத் தொலைபேசியில் அழைத்தார். மையம் பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே சென்று ஒலிபெருக்கியை இயக்கினார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் வீடுகளும் படகுகளும் நூற்றுக்கணக்கில் அழிந்தன, உயிர்கள் தப்பின. வீராம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் ஏறியபோது, நாள்தோறும் அலை உயரம் சொன்ன அதே கம்பத்துக் குரல் மக்களை வெளியேறச் சொன்னது.